வெள்ளிக்கிழமை திறந்து கிடந்த திரை

"அதெல்லாம் இப்ப ஃபிரேம்வொர்க்கே பாத்துக்கும் மேடம்" என்று சாஃப்ட்வேர் எழுதுகிற உங்களில் ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது. திரையில் இருக்கும் ஃபார்மில் நாம் தட்டுவதும் உள்ளே இருக்கும் டேட்டாவும் எப்போதும் ஒத்துப்போக வேண்டுமே, அதைப் பற்றித்தான் பேச்சு. நான் குரலை உயர்த்திவிட்டேன். ரிட்டயர் ஆன பிறகும் இந்தம்மாவுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன். கோபம் அந்தப் பிள்ளை மேல் இல்லை, அது சொன்ன வார்த்தை மேல். கிட்டத்தட்ட அதே வார்த்தையைச் சொல்லித்தான் ஒரு பெண்ணை வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஃபிரேம்வொர்க் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சிஸ்டம் என்றார்கள். சிஸ்டம் பாத்துக்கும், சிஸ்டம் தப்பு பண்ணாது, பொண்ணுதான் பொய் சொல்லுது என்றார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் மட்டும் யாருக்கு வெட்கம் வரப்போகிறது? நான் வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். எங்கள் வீட்டில் அம்மா நர்ஸ், பெரியம்மா நர்ஸ், அக்காவும் நர்ஸ். ரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிறவள் என்பதால் என்னை மட்டும் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். கம்பெனியில் சர்வர், பிரிண்டர், பாஸ்வேர்டு, எல்லாருடைய புலம்பல், நாலும் என் பொறுப்பு.

அதற்கு முன்னால் கம்பெனியில் எல்லாமே வாய்ப்பேச்சுதான். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஏதாவது மாற்றம் கேட்டால் ஆபீஸிலிருந்து கட்டிங்குக்கு ஒரு போன், ஸ்டிச்சிங்குக்கு ஒரு போன். பிறகு "நான் சொன்னேன்", "நீ சொல்லல" என்று சண்டை. இதை ஒழிக்கத்தான் முதலாளி ஒரு சிஸ்டம் கொண்டுவந்தார். அவரை நாங்கள் பெரிய சார் என்போம். சிஸ்டத்தை எழுதியது அவருடைய தங்கை மகன், சின்ன சார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்திருந்தார். மாமாவின் கம்பெனிதான் முதல் வாடிக்கை.

சிஸ்டம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் பிரவுசரில் ஒரு பக்கம். மேல்தோல் என்ன, உள்ளே வைக்கும் லைனிங் என்ன, சோல் என்ன, நூல் நிறம் என்ன, எத்தனை ஜோடி, எல்லாம் அதில் இருக்கும். ஆபீஸும் கட்டிங்கும் ஸ்டிச்சிங்கும் அதே பக்கத்தைத் திறந்து அவரவர் பங்கை நிரப்ப வேண்டும். பெரிய சார் ஒரு சர்க்குலர் விட்டார்: இனிமேல் வாய்வார்த்தை செல்லாது, திரையில் இருப்பதுதான் ஆர்டர். நல்ல சட்டம் என்று நானும்தான் சந்தோஷப்பட்டேன்.

அமுதா ஆபீஸில் இருந்தாள். பையரிடமிருந்து வரும் மெயிலைப் படித்து, கேட்ட மாற்றத்தை ஆர்டர் பக்கத்தில் போடுவது அவள் வேலை. ஊர் திமிரி. அப்பா ஏகாம்பரம் வேர்க்கடலை போடுகிற சின்ன விவசாயி. பி.காம். முடித்து வந்தவள், அந்த வீட்டில் முதன்முதலாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "மேடம், உங்க பிரிண்டருக்கு என்னைக் கண்டா மட்டும் ஜுரம் வருது, உங்க வீட்டுல எல்லாரும் நர்ஸுதான, ஒரு ஊசி போடச் சொல்லுங்க" என்பாள். வேலையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. மாற்றத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தை மறுபடி திறந்து, போட்டது நின்றிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த மெயிலுக்குப் போவாள்.

அன்று குழந்தைகளுக்கான ஸ்கூல் ஷூ ஆர்டர். உள்ளே கறுப்புச் சாயம் போட்ட லைனிங் வைப்பதாக இருந்தது. அந்தச் சாயம் வியர்வை பட்டால் காலில் ஒட்டும், குழந்தைகள் தோலுக்கு ஆகாது, சாயமே இல்லாத லைனிங்தான் வேண்டும் என்று பையர் மெயில் அனுப்பினார். அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாதி கம்பெனி ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தது. அமுதா சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து, லைனிங்கை மாற்றி, சேவ் செய்து, மறுபடி திறந்து பார்த்தாள். சாயமில்லாத லைனிங் என்றே காட்டியது. திருப்தியாக அடுத்த வேலைக்குப் போனாள்.

கட்டிங்கில் வெட்டியது கறுப்பு லைனிங். திரையில் கறுப்பு என்றிருந்தது, கறுப்பை வெட்டினார்கள். ஷூ தைத்து, பெட்டியில் போட்டு, ஏற்றுமதிக்கு அடுக்கிய பிறகு பையரின் இன்ஸ்பெக்டர் வந்து ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முழு ஆர்டரும் நின்றது.

பெரிய சார் அறையில் அத்தனை பேரையும் நிற்க வைத்தார்கள். அமுதா, "சார், நான் மாத்துனேன். சேவ் ஆச்சுன்னு வந்துது. தெறந்து பாத்தேன், சரியாத்தான் இருந்துது" என்றாள். சர்வரில் ஆர்டர் விவரங்கள் பதிவாகும் டேபிளை என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். கறுப்பு என்றே இருந்தது. அந்த ஆர்டரைக் கடைசியாக சேவ் செய்தவர் கட்டிங் பிளானிங் இம்தியாஸ் பாய் என்றும் இருந்தது. பெரிய சார் பாய் பக்கம் திரும்புவதற்குள் சின்ன சார் குறுக்கே விழுந்தார். "கட்டிங் ஸ்கிரீன்ல லைனிங்க தட்டற பெட்டி பூட்டியிருக்கு மாமா. ஜோடிக் கணக்கு மட்டும்தான் அவங்க போட முடியும். லைனிங்க அவங்களால தொடவே முடியாது. அதனால, இந்தப் பொண்ணு மாத்தவே இல்ல. மாட்டுனதும் பொய் சொல்லுது."

வாதம் கேட்கப் பளிச்சென்று இருந்தது. அமுதா திரும்பத் திரும்ப, "நான் மாத்துனேன் சார்" என்றே சொன்னாள். அன்று சாயந்திர பஸ்ஸிலேயே அவளை அனுப்பிவிட்டார்கள். பையருக்கு லெட்டர் போயிற்று: ஊழியரின் பொய்யும் அலட்சியமும்தான் காரணம், அவரை நீக்கிவிட்டோம், எங்கள் சிஸ்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

மறுநாள் இம்தியாஸ் பாய் என் அறைக்கு வந்தார். கட்டிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவர். அதிகம் பேசமாட்டார். வந்ததும் கதவைச் சாத்தினார்.

"மேடம், எனக்கு ஒண்ணு உறுத்துது. அன்னிக்கு ஜும்மாவுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே அந்த ஆர்டர தெறந்து வெச்சிட்டேன். தொழுதுட்டு, சாப்ட்டு வந்து, ஜோடிக் கணக்கப் போட்டு சேவ் பண்ணேன். அந்தப் பொண்ணு மாத்துனேன்னு சொல்றது நடுவுல. இதுல ஏதாவது ஆயிருக்குமா?"

"தெறந்தே வெச்சிட்டா போனீங்க?"

"இன்னா மேடம் தெரியாத மாதிரி கேக்கறீங்க? எல்லாரும் அப்படித்தான."

உண்மைதான். அதுதான் எங்கள் கம்பெனி வழக்கம். கட்டிங் ஷெட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் லைன் மகா மந்தம். ஒரு ஆர்டரைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் ஒருமுறை திறந்ததை யாரும் மூடமாட்டார்கள். மானிட்டர் மேல் "மூடாதே" என்று ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் டீ குடித்து வருகிற நேரம்தான் திரை அப்படிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் நீண்ட இடைவேளை. தொழப் போகிறவர்கள் போய்விட, போகாதவர்கள் ஆபீஸில் வேலையை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சென்னையில் உட்கார்ந்து சிஸ்டம் எழுதியவருக்கு இது எங்கே தெரியும்? ஒரு ஆள், ஒரு ஆர்டர், திற, தட்டு, சேவ் பண்ணு, மூடு. அவர்கள் சோதித்துப் பார்த்த லட்சணம் அவ்வளவுதான்.

பாய் போன பிறகு அந்தப் பக்கத்துக்கான புரோகிராம் கோடைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். இப்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். திரையில் நீங்கள் திறக்கும் ஃபார்ம் ஒரு நகல்தான். திறந்த நொடியில் டேபிளில் என்ன இருந்ததோ, அதன் நகல். அதற்கப்புறம் டேபிளில் என்ன மாறினாலும் அந்த நகலுக்குத் தெரியாது. பாயின் திரையில் லைனிங் பெட்டி சாம்பல் நிறத்தில் பூட்டித்தான் இருந்தது. ஆனால் பூட்டிய பெட்டி சேவின்போது சர்வருக்குப் போகாது என்பதால், அதே மதிப்பைக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பெட்டியில் வைத்திருந்தார்கள். சேவ் அழுத்தினால் அத்தனை பெட்டியும் போகும், டேபிளில் அத்தனையும் மறுபடி எழுதப்படும். பாய் தட்டியது ஜோடிக் கணக்கு மட்டும். அவர் ஃபார்ம் அதனோடு சேர்த்து, தொழுகைக்கு முன்னால் இருந்த கறுப்பு லைனிங்கையும் கொண்டுபோய் எழுதிவிட்டது. அவரால் லைனிங்கைத் தொட முடியாது என்று சின்ன சார் சொன்னது சரிதான். ஃபார்மால் தொட முடியும்.

அதைப் படித்ததும்தான் பழைய கதையெல்லாம் பிடிபட்டது. சில மாதங்களாகவே வெள்ளிக்கிழமை வேலைகளில் ஏதாவது கோளாறு வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை நூல் நிறம் மாறிப்போனது, ஒரு தடவை பெட்டி லேபிள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்குத் திட்டு விழுந்தது. வெள்ளிக்கிழமைக்கு ராசி இல்லை என்று பேச்சு கிளம்பி, கம்ப்யூட்டர் அறை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார்கள். திருஷ்டி கழிக்க ஆள் இருந்தது, கோடைப் படித்துப் பார்க்க ஆள் இல்லை. நானும் தினமும் அந்த எலுமிச்சம்பழத்தைக் குனிந்து கடந்துதான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இடைவேளையில், ஒரு பழைய ஆர்டரை வைத்து இரண்டு கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி அழிந்தது. பாய் தொழுதுவிட்டு வந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு பெரிய சாரிடம் போனேன். சின்ன சாரும் அங்கே இருந்தார். பெரிய சார் மேசையில் ஒன்றும் வெளியே செக்ரட்டரி மேசையில் ஒன்றுமாக ஒரே ஆர்டரை இரண்டு இடத்தில் திறந்தேன். வெளியே போய் லைனிங்கை மாற்றினேன். உள்ளே வந்து, பெரிய சாரையே ஜோடிக் கணக்கைத் தட்டி சேவ் அழுத்தச் சொன்னேன். மறுபடி திறந்து காட்டினேன். லைனிங் பழையபடி ஆகியிருந்தது.

சின்ன சார்தான் முதலில் பேசினார். "இது யூசர் எரர் மாமா. சேவ் பண்றதுக்கு முன்னாடி பக்கத்த ரிஃப்ரெஷ் பண்ணணும். மேனுவல்ல சொல்லியிருக்கோம்."

"மேனுவல் எங்க சார்? எனக்கே யாரும் குடுக்கலியே" என்றேன்.

"எழுதிட்டிருக்கோம்" என்றார். சொல்லும்போது ஒரு துளி வெட்கம் இல்லை அந்த முகத்தில்.

பாய் ஒரு எட்டு முன்னால் வந்தார். "சார், அழிச்சது என் கை. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. லெட்டர மாத்தி என் பேர்ல எழுதுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"பாய், நீங்க சும்மா இருங்க. உங்கள அனுப்பிட்டு கட்டிங்க யாரு பாக்கறது?" என்றார் பெரிய சார். பிறகு என் பக்கம் திரும்பினார். "புரிஞ்சுது ஸ்டெல்லா. ஆனா பையருக்கு லெட்டர் போயிடுச்சு. இப்ப போய் எங்க சிஸ்டம்தான் தப்புன்னு எழுதுனா, அடுத்த ஆர்டர் தருவானா? நீங்க சத்தமில்லாம இத சரி பண்ணிடுங்க."

"அமுதா சார்?"

சின்ன சார் மாமாவைப் பார்த்தார். சின்ன சாருக்கு வேறு கவலை. இந்தச் சிஸ்டத்தை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல்காரர்களுக்கெல்லாம் விற்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கட்டிங்கில் பாய் வெளிப்படையாகப் பேசியதால் வெளியிலும் விஷயம் லேசாகக் கசிந்திருந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'மாற்றத்தை சேவ் செய்ய மறந்துவிட்டு, செய்ததாகப் பொய் சொன்னேன். சிஸ்டத்தில் குறை இல்லை' என்று அமுதா கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஆம்பூர் யூனிட்டில் அவளுக்கு வேலை போட்டுத் தருகிறோம். அந்தத் தாளை டைப் அடித்து என் கையிலேயே கொடுத்தார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழியை அவளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் போனது அவள் வேலை. வேண்டுமா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும், நான் யார் நடுவில்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் இம்தியாஸ் பாய் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். நான் அவரைக் கூப்பிடவே இல்லை, போகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். "நான் சொல்ல வேண்டியத நான்தான மேடம் சொல்லணும்" என்றார்.

திமிரியில் ஏகாம்பரம் வீட்டு வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அமுதா உள்ளேயிருந்து வந்து, சுவரோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் பிரிண்டரைப் பற்றி ஏதாவது கிண்டல் செய்வாள் என்று ஒரு நப்பாசை எனக்கு.

பாய் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, உங்க பொண்ணு சரியாத்தான் மாத்துச்சு. நான் பழசத் தெறந்து வெச்சிருந்து சேவ் பண்ணதுல அது அழிஞ்சு போச்சு. எனக்கும் அப்பத் தெரியாது. இப்ப மேடம் கண்டுபுடிச்சிட்டாங்க. உங்க பொண்ணு பொய் சொல்லல."

ஏகாம்பரம் குனிந்து கடலையைக் கையால் கிளறிவிட்டார். "எங்க ஊருப் பொண்ணு ஒண்ணும் உங்க கம்பெனி பஸ்லதான் வருது" என்றார். "அது வந்து தெருவெல்லாம் சொல்லிடுச்சு, அமுதா ஆபீஸ்ல பொய் சொல்லி மாட்டிக்கிச்சின்னு. நான் இவள கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணா. அப்பவும் எனக்குப் பாதிதான் நம்பிக்க. கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே."

அமுதா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட வந்து சொல்றீங்களே பாய், இத அங்க சொல்லணும் இல்ல?" என்றார் அவர்.

"சொல்லிட்டேன். அவங்க கண்ணாலயே பாத்துட்டாங்க."

"தெரிஞ்சுமா?"

அந்தத் தாளை எடுத்து நீட்டி, என்ன எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போட்டால் என்ன தருவார்கள் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். ஏகாம்பரம் மகளைப் பார்த்தார். "போட்டுடேம்மா. நமக்குத் தெரிஞ்சா போதாதா? வேல வருதில்ல."

அமுதா தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். "பையருக்குத்தான் ஏற்கெனவே லெட்டர் போயிடுச்சே மேடம். இன்னும் எதுக்கு என் கையெழுத்து?"

"சின்ன சார் சிஸ்டத்த விக்கப் போறாரு. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணுமாம்."

"அவங்க என்னைப் பொய்க்காரின்னு சொன்னா, அந்தப் பாவம் அவங்களோட. நானே எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் பொய்க்காரிதான மேடம்?" தாளை மடித்து என் கையில் வைத்தாள். அப்பா பக்கம் திரும்பி, "எனக்கு இந்த வேல வேணாம்பா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், எங்கள் இரண்டு பேருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தாள். கண்ணைத் துடைத்த ஈரம் முகத்தில் அப்படியே இருந்தது. அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கையெழுத்து இல்லாத தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "திமிரு" என்றார் சின்ன சார். "விடு, பேஜார் பண்ணாத" என்று மருமகனிடம் சொன்னார் பெரிய சார். பேஜார் என்று சொன்னது அவள் வாழ்க்கையை.

அந்த வாரம் சிஸ்டத்தைச் சரி செய்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் எண். யார் சேவ் செய்தாலும் எண் ஒன்று கூடும். ஃபார்மைத் திறக்கும்போது அந்த எண்ணும் கூடவே வரும். சேவ் அழுத்தும்போது, கையில் இருக்கும் எண்ணும் டேபிளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று சிஸ்டம் பார்க்கும். ஒன்றில்லை என்றால் எழுதாது. "நீங்கள் திறந்த பிறகு வேறொருவர் இதை மாற்றியிருக்கிறார்" என்று சொல்லி, பழையது எது, புதியது எது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அதோடு, யார் எந்தப் பெட்டியைத் தொட்டார்களோ அதை மட்டுமே எழுதும்படி மாற்றினேன். வழக்கத்தை விடச் சொல்லி யாரையும் நான் திட்டவில்லை. லைன் மந்தமாக இருக்கும்வரை மனுஷர்கள் திரையைத் திறந்தேதான் வைப்பார்கள், தொழுகைக்குப் போகிறவர்கள் போகத்தான் போவார்கள். சாஃப்ட்வேர்தான் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

நீங்கள் இன்று பெருமையாகச் சொல்கிறீர்களே, பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் அடுத்த நொடி, உள்ளே டேட்டாவை வைத்திருக்கும் மாடலிலும் மாறுகிறது என்று. நல்லதுதான். ஆனால் அந்த மாடல் எங்கே இருக்கிறது? உங்கள் பிரவுசருக்குள். அதுவும் ஒரு நகல்தான். நகலும் நகலும் ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு, உண்மையோடு ஒத்துப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு யூசர் வந்து "நான் மாத்துனேன், இப்ப காணோம்" என்று சொன்னால், முதலில் அவரை நம்புங்கள், நம்பிவிட்டு அப்புறம் கோடைத் திறங்கள். நம்பாமல் திறந்தால், அவர் பொய் சொல்கிறார் என்பதற்கு வேண்டிய ஆதாரம்தான் உங்கள் கண்ணில் படும். டேபிள் எப்போதும் கடைசியில் எழுதியவன் பக்கம்தான் பேசும்.

சரி செய்த பிறகு ஆம்பூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் சின்ன சார் விற்பனைக் கூட்டம் போட்டார். தோல் கம்பெனிக்காரர்கள், ஷூ கம்பெனிக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரை இயக்க நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எழுந்து, ஒரே ஆர்டரை ரெண்டு பேர் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சின்ன சாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. என்னைச் செய்து காட்டச் சொன்னார். நான் செய்து காட்ட, அந்தச் செய்தி பெரிய திரையில் வந்தது.

"பாத்தீங்களா? எங்க சிஸ்டத்துல ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் அழிக்கவே முடியாது. ஒரு தடவகூட நடந்ததில்ல" என்றார்.

நான் எழுந்தேன். தைரியம் என்று சொல்லமாட்டேன், அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். "நடந்திருக்கு சார்" என்றேன். "எங்க கம்பெனியிலயே நடந்துது. அமுதான்னு ஒரு பொண்ணு சரியா மாத்துனத இந்த சிஸ்டம் அழிச்சிடுச்சு. அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு வேலையவிட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்தச் செய்திய நான் எழுதுனேன்."

சின்ன சார் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர், பேரணாம்பட்டுப் பக்கம் ஏதோ தோல் பதனிடும் ஷாப்புக்காரர், என்னைப் பார்த்து, "இப்ப சரியாயிடுச்சு இல்லம்மா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சு ஐயா."

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணுது?"

"வீட்ல இருக்குது."

"நல்லா வேல செய்யுமா?"

"செய்யும். எங்க ஆபீஸ்ல அது மாதிரி ஆள் கெடையாது."

"பொய் கிய் சொல்லாதுதான?"

"சொல்லியிருந்தா இந்நேரம் வேலையில இருந்திருக்கும் ஐயா."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். பிறகு சின்ன சார் பக்கம் திரும்பி, "சரி தம்பி, வெலையச் சொல்லு" என்றார்.

அன்று வந்தவர்களில் பாதிப் பேர் சிஸ்டத்தை வாங்கினார்கள். பெரியவரும் வாங்கினார். அமுதாவுக்கு வேலை தருவதாகச் சொன்ன அதே ஆம்பூர் யூனிட்டுக்கு, அடுத்த வாரம் என்னை மாற்றினார்கள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் எனக்கு, வேலையை விட முடியாது, போனேன். அமுதாவை யாரும் கூப்பிடவில்லை.